லாக்நட்டின் மேல் சிவப்புக் கோடு

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு வண்டியின் கிளட்ச் லீவரைப் பிடித்து இழுத்தபோது அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் பாதி தூரம் சும்மா வந்தது. இழுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, இதே லீவர் ஒரு மில்லிமீட்டர்கூடச் சும்மா வரவில்லை. விறைப்பாக நின்றது. அவள்தான் தளர்த்திச் சரியாக்கி வைத்தாள். இன்றைக்குக் கொளகொளவென்று கிடக்கிறது. மடியில் இருந்த நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினாள். போன வாரம் திங்கள் முதல் சனிவரை ஆறு நாளும் தளர்ச்சி. ஞாயிறு இறுக்கம். அதற்கு முந்தின வாரமும் ஆறு நாள் தளர்ச்சி, ஞாயிறு இறுக்கம். அதற்கும் முந்தின வாரம் பார்க்கவே வேண்டியதில்லை.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு உனக்கு யார் சொல்றா?" என்று வண்டியிடமே கேட்டாள்.

அது பழைய டூ-ஸ்ட்ரோக். கிளப்பினால் பின்னாலிருந்து வெள்ளைப் புகை தெருவையே மூடிவிடும். அதனால் தெருக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கொசுமருந்து. சத்தம் கேட்டதும் ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார்கள்.

வண்டிக்குப் பெயர் வைத்தது தெரு என்றால், இவளுக்குப் பெயர் வைத்தது வீடு. எதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள் என்பதால் அவள் பெயர் நோட்டு. தெருக்கோடி ஜெராக்ஸ் கடையில் பகல் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலை, தொழிற்பள்ளியில் இருசக்கர வாகன வகுப்பு. வகுப்பில் பத்தொன்பது பேர். கையை மேலே தூக்கிக் கேள்வி கேட்பதற்கு முன் "தப்பா இருந்தா சொல்லுங்க சார்" என்று சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கொசுமருந்துதான் அவளுடைய செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் பழுதான ஒரு வண்டியைக் கொண்டுவர வேண்டும். என்ன பழுது, எதனால் பழுது என்று ஒரு தாளில் எழுதி, சரிசெய்து காட்ட வேண்டும். பிறகு வாத்தியார் அந்த வண்டியில் ஏறி, பள்ளிக்குப் பின்னால் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் சரிவில் மூன்றாவது கியரில் போவார். பாதியில் எஞ்சின் வீரிட்டால் தோல்வி. இரண்டு வாய்ப்புதான். இரண்டும் போனால் முதலாம் ஆண்டின் முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வாய்ப்பு மூன்று மாதத்துக்கு முன் போயிற்று. அப்போதும் இதே வண்டி, இதே கிளட்ச். பிளேட்டுகள் தேய்ந்திருந்தன. புது பிளேட் போட்டாள். வண்டி சரிவில் சீறிக்கொண்டு ஏறியது. இறங்கி வந்த வாத்தியார் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிளேட் தேஞ்சிருந்ததுன்னு எழுதியிருக்க. சரி. ஏன் தேஞ்சது?"

அவள் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினாள். எல்லா அளவும் இருந்தது, அது மட்டும் இல்லை.

"செருப்பு தேஞ்சா நடந்தோம்னு அர்த்தம். எங்க நடந்தோம்னு சொல்லு. வேலை நல்லா இருக்கு, பதில் இல்லை. அடுத்த தடவை வா."

அடுத்த தடவை வருகிற சனிக்கிழமை. புது பிளேட்டுகள் இரண்டே வாரத்தில் மறுபடி வழுக்க ஆரம்பித்துவிட்டன.

வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். காலை ஆறு மணிக்கு அக்கா எடுத்துக்கொண்டு போவாள். பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. பன்னிரண்டரைக்குத் திரும்புவாள். இரண்டு மணிக்கு அத்தான் எடுப்பார். அட்டைப்பெட்டி ஆலையில் பிற்பகல் ஷிஃப்ட். நடுவில் கடையிலிருந்து வருகிற ஒரு மணி நேரம்தான், அதுவும் சாப்பாட்டு நேரம்தான், நோட்டுக்கு.

அக்காவின் புகார் இது: "கிளட்ச் விடவே மாட்டேங்குதுடி. லீவரை முழுசா இழுத்தாலும் வண்டி முன்னாடி நகருது. கியர் மாத்தினா எலும்பு உடைஞ்ச மாதிரி சத்தம். நியூட்ரல் எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியல."

அத்தானின் புகார் நேர் எதிர்: "மேட்டுல ஏறினா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி போகல. நேத்து ஒருத்தர் சைக்கிள்ல என்னை முந்திட்டுப் போறார். போறவர் சும்மா போகலாம்ல? திரும்பிப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போறார்."

ஒன்று, கிளட்ச் பிரிய மறுக்கிறது. இன்னொன்று, கிளட்ச் சேர மறுக்கிறது. லீவரை இழுத்தால் எஞ்சினும் சக்கரமும் பிரிய வேண்டும். விட்டால் சேர வேண்டும். லீவர் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா வந்து, பிறகு வேலையைத் தொடங்குவதுதான் சரியான அளவு. அதற்கு மேல் தளர்ந்தால் பிரியாது. அதற்குக் கீழ் இறுகினால் சேராமல் வழுக்கும், பிளேட் கருகும். தளர்ந்த கேபிளில் கிளட்ச் வழுக்காது. அவளோ தினமும் பகலில் பார்ப்பது தளர்ந்த கேபிளை. தினமும் பிற்பகலில் அத்தான் வழுக்கிக்கொண்டு நிற்கிறார்.

மூன்று மாதமாக அவள் செய்து பார்க்காதது இல்லை. கியர் ஆயில் தவறோ என்று வடித்து, புத்தகத்தில் சொன்ன ஆயிலை ஊற்றினாள். ஸ்பிரிங்குகளைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தாள். எல்லாம் சரியான நீளம். ஆனால் தான் அளந்ததில் தனக்கே நம்பிக்கை வராமல் மறுநாள் மறுபடி அளந்தாள். கேபிள் நீண்டுபோகிறதோ என்று புதுசு மாற்றினாள். புதுக் கேபிளும் தினம் பகலில் தளர்ந்து கிடந்தது. கேபிள் தளரலாம். எந்தக் கேபிளாவது தானாக இறுகுமா? வெயிலா என்று யோசித்து, வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னாள். ஈரமா என்று யோசித்து, மேலே சாக்கு போர்த்தச் சொன்னாள்.

"வண்டிக்குக் காய்ச்சலா?" என்றார் அத்தான்.

இரண்டு பேரிடமும் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பாள். "வண்டில எதையாவது தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்? எனக்கு ஸ்பேனர் எது, ஸ்பூன் எதுன்னே தெரியாது," என்பாள் அக்கா.

"டாக்டரம்மா நீ இருக்கும்போது நான் கை வைப்பேனா?" என்பார் அத்தான்.

கேட்டு எழுதிக்கொள்வாள். பிறகு பூட்டாக நிற்கும் லாக்நட்டைத் தளர்த்தி, லீவருக்குப் பக்கத்தில் கேபிளை இறுக்கித் தளர்த்தும் அட்ஜஸ்டரை அளவாகத் திருப்பி, சரியாக இரண்டு மில்லிமீட்டர் வைத்து, லாக்நட்டை விரலால் இறுக்கிவிட்டு, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு யோசனை வந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். ஏதாவது நட்டு தானாகத் திரும்புகிறதா என்று பார்க்க, நட்டின் மேலும் அதை ஒட்டியும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிட வேண்டும். திரும்பினால் கோடு உடையும். பெயின்ட் இல்லை. அக்காவின் அலமாரியில் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் வைத்தாள். லாக்நட்டின் மேல் சிவப்புக் கோடு இழுத்தாள். காயும்வரை ஊதினாள்.

அவள் ஊதுவதை அத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "மருதாணியும் வச்சுவிடு," என்றார்.

புதன்கிழமை பகல் கோடு உடைந்திருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. கோட்டின் ஒரு பாதி வடக்கே பார்த்தது, மறு பாதி தெற்கே பார்த்தது.

அதிர்வு! டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எவ்வளவு உதறும்! அந்த உதறலில் லாக்நட் தளர்ந்து, அட்ஜஸ்டர் தானாகச் சுழன்றிருக்கிறது. மூன்று மாதப் பழுதுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தாளில் 'அதிர்வு' என்று பென்சிலால் எழுதினாள். பேனாவால் எழுதத் தைரியம் வரவில்லை. மறுபடி இரண்டு மில்லிமீட்டர் வைத்து, இந்தத் தடவை விரலை நம்பாமல், துணி சுற்றிய பிளேயரால் லாக்நட்டை ஒரு முறுக்கு முறுக்கி, மேலே புதுக் கோடு இழுத்தாள். இனி அது பூகம்பம் வந்தாலும் அசையாது.

வியாழக்கிழமை பகல் கோடு உடைந்திருந்தது. லாக்நட்டின் வழவழப்பான விளிம்பைச் சுற்றிலும் கடித்துக் குதறிய மாதிரி புதுப் பல்தடங்கள்.

அதிர்வுக்குப் பல் கிடையாது என்பது அவளுக்குக்கூடத் தெரியும்.

குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா விரலை நீட்டிக்கொண்டு உள்ளே இருந்து வந்தாள்.

"இதைப் பாரு. நகம் போச்சு. யாருடி அந்த வளையத்தை அப்படி முறுக்கி வச்சது?"

"எந்த வளையம்?"

"லீவர்கிட்ட இருக்கே, குட்டியா ஒண்ணு. காலையில அஞ்சு நிமிஷம் அதோட மல்லுக்கட்டினேன். கடைசில உன் டப்பாலேர்ந்து கட்டிங் பிளேயர் எடுத்துத்தான் திருப்பினேன். ரத்தம் எடுக்கப் போன வீட்ல என் விரல்லதான் ரத்தம். அந்த அம்மா என்னையே ஒரு மாதிரி பாக்குது."

நோட்டு எழுந்து நின்றாள். "அக்கா. வண்டில எதையாவது தொட்டியான்னு நான் எத்தனை தடவை கேட்டேன்?"

"தொடலையே."

"இப்பதானே திருப்பினேன்னு சொன்ன!"

"அது தொடறதாடி? கண்ணாடியை நமக்குத் தோதா திருப்பிக்க மாட்டோமா, அந்த மாதிரி. என் கை எவ்வளவு இருக்கு பாரு." அக்கா இடது கையை விரித்துக் காட்டினாள். சின்னக் கை, குழந்தைக் கை. "லீவர் அவ்வளவு தூரத்துல நின்னு புடிச்சா எனக்கு எட்டுமா? அதனால ரெண்டு சுத்து உள்ள விடுவேன். பக்கத்துல வந்ததுக்கு அப்புறம் பிடிக்கும். சௌகரியமா இருக்கும்."

"தினமுமா?"

"தினமும்தான். தினமும்தான் யாரோ மாத்தி வச்சிடறாங்களே!"

இந்த நேரத்தில் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே அத்தான் வாசலுக்கு வந்தார்.

"ஓ, அது நீதானா?" என்றார் மனைவியைப் பார்த்து. "நான் ஏதோ வண்டியே தளருதுன்னு நினைச்சேன். தினம் கிளம்பறப்ப நான்தானே வெளிய எடுக்கறேன்."

நோட்டு அவர் பக்கம் மெல்லத் திரும்பினாள். "எதை வெளிய எடுக்கறீங்க, அத்தான்?"

"அந்த வளையத்தைத்தான். நான் எப்பவும் ரெண்டு விரல்லதான் லீவரைப் பிடிப்பேன்." ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக் காட்டினார். "மத்த ரெண்டு விரல் பிடியிலயே இருக்கும். லீவர் ரொம்ப உள்ள வந்தா அந்த விரல்ல போய் இடிக்கும். அதனால தொட்டதும் பிடிக்கிற மாதிரி இறுக்கிப்பேன். நேத்துதான் அது வரவே இல்ல. பிளேயர் தேவைப்பட்டுச்சு."

"உங்ககிட்டயும் கேட்டேன். தொட்டீங்களான்னு."

"ரிப்பேர்லாம் நான் பண்ணல, நோட்டு. கைக்குத் தோதா வச்சுக்கிட்டேன். சட்டைக் கையை மடிச்சு விடற மாதிரி."

"கண்ணாடி மாதிரின்னு நானும் சொன்னேன்," என்றாள் அக்கா, சாட்சி கிடைத்த நிம்மதியில்.

"பாத்தியா, அவளும் அதேதான் சொல்றா."

மூன்று மாதமாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு புகார்களைச் சொல்லிக்கொண்டிருந்த புருஷனும் பொண்டாட்டியும், தொடவே இல்லை என்பதில் மட்டும் எப்படி ஒத்துப்போகிறார்கள் பாருங்கள். நோட்டுக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு அடுத்த வீட்டில் இருக்கிற ஒன்று வந்தது.

"நான் ஸ்பிரிங்கை ரெண்டு தடவை அளந்தேன்! கேபிள் மாத்தினேன்! வெயில்ல நிறுத்தாதீங்கன்னேன், சாக்கு போத்தினேன்! அப்பல்லாம் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"சாக்கு எதுக்குன்னு நான் அப்பவே கேட்டேன்," என்றார் அத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்தான் கிக்கரை உதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் இப்போது நேராயிற்று. சனிக்கிழமை கடைசியாகத் தொட்டவர் அத்தான். ஞாயிறு அக்காவுக்கு வேலை இல்லை. வண்டிக்குக் கிழமை தெரியவில்லை, இந்த வீட்டுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அன்று மாலை வகுப்பு இல்லை. நோட்டுப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தாளை நிரப்ப உட்கார்ந்தாள். 'காரணம்' என்ற இடத்தில் பென்சிலால் எழுதியிருந்த 'அதிர்வு' என்பதை அழித்தாள். 'இரண்டு பேர்' என்று எழுதினாள். எழுதிவிட்டு, வழக்கம்போல, சரிதானா என்று சந்தேகப்பட்டாள்.

ஒரு விஷயம் இடித்தது. அக்கா காலையில் தளர்த்துகிறாள். அத்தான் இரண்டு மணிக்கு எடுக்கும்போது லீவர் பாதி தூரம் சும்மா வர வேண்டும். அப்படி வந்திருந்தால் ஒரே வாரத்தில் அவர் கேட்டிருப்பார், யார் இவ்வளவு தளர்த்தி வைத்தது என்று. அக்கா "நான்தான்" என்றிருப்பாள். இருவரும் சண்டை போட்டிருப்பார்கள். விஷயம் முடிந்திருக்கும். ஏன் அவர் மூன்று மாதமாகக் கேட்கவில்லை?

ஏனென்றால் அவர் கைக்கு வரும்போது அது தளர்ந்திருக்கவில்லை. பகல் ஒரு மணிக்கு இடையில் ஒருத்தி வந்து அழகாக இரண்டு மில்லிமீட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பக்கம் பக்கமாகத் திருப்பினாள். அக்கா சொன்னது இருந்தது. அத்தான் சொன்னது இருந்தது. ஆயில் மாற்றிய தேதி, வெயில், மழை எல்லாம் இருந்தன. ஒரு நாள் சைலன்சர் மேல் காக்கை உட்கார்ந்ததுகூட இருந்தது. தான் தினமும் அட்ஜஸ்டரைத் திருப்பியது மட்டும் எங்கேயும் இல்லை. சரியான அளவுக்குத்தானே வைத்தோம், அதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டிருக்கிறாள். அக்காவுக்குக் கண்ணாடி. அத்தானுக்குச் சட்டைக் கை. இவளுக்குப் பாடப்புத்தகத்து அளவு. அக்கா விட்டுப்போன தடயத்தைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் துடைத்துவிட்டு, தடயம் எங்கே என்று மாலையெல்லாம் தேடியது இவள்தான்.

நோட்டுப்புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. எழுதினாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். அக்காவையும் அத்தானையும் பஸ்ஸில் அனுப்பினாள். கிளட்ச் மூடியைக் கழற்றினாள். உள்ளே கருகிய வாடை. மூன்று மாதத்துக்கு முன் போட்ட பிளேட்டுகள் மெலிந்து, பளபளவென்று தேய்ந்திருந்தன. எஃகு பிளேட்டுகளில் இரண்டு சூட்டில் நீலம் பாரித்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றினாள். பிறகு யோசித்துப் பார்த்தால், அக்காவுக்கு எட்டாதது லீவர்தானே, கேபிள் இல்லையே. பள்ளியில் பழைய பாகங்கள் கிடக்கும் பெட்டியைக் கிளறி, கைப்பிடிப் பக்கம் உள்ளே வளைந்த ஒரு லீவரைக் கொண்டுவந்து மாட்டினாள். இரண்டு மில்லிமீட்டர் வைத்தாள். லாக்நட்டை இறுக்கி, அட்ஜஸ்டரோடு சேர்த்து மெல்லிய கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தாள்.

மாலையில் அக்கா பிடித்துப் பார்த்தாள். "எட்டுதே!" என்றாள்.

அத்தான் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். லீவர் மற்ற இரண்டு விரலை நசுக்கியது. "ஆ!"

"நாலு விரலால பிடிங்க."

"இருபது வருஷமா ரெண்டு விரல்தான்."

"இருபது வருஷமா எத்தனை பிளேட் போச்சுன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா?"

அத்தான் நாலு விரலால் பிடித்துப் பழக ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளியின் பின்பக்கம், சரிவின் கீழே, கொசுமருந்து நின்றது. வாத்தியார் அன்றைக்கு ஏற்கெனவே ஆறு வண்டி ஓட்டி அலுத்திருந்தார். தாளை வாங்கினார். பழுதான பாகம் என்ற இடத்தில் கிளட்ச் பிளேட் என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'அட்ஜஸ்டரில் மூன்று கைகள்' என்று இருந்தது.

"என்னம்மா இது? காரணம் கேட்டா விடுகதை போடற?"

"தப்பா இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "விடுகதை இல்ல சார். காலையில அக்கா தளர்த்துவாங்க. மத்தியானம் நான் சரியாக்குவேன். அதுக்கப்புறம் அத்தான் இறுக்குவார். யாரும் யார்கிட்டயும் சொல்லல. நானும் எழுதல."

"நீயுமா?"

"நானும்தான் சார்."

வாத்தியார் 'ம்' என்று மட்டும் சொன்னார். அந்த 'ம்'மில் பாஸா ஃபெயிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வண்டியில் ஏறினார். கிக்கரை உதைத்தார். புகை எழுந்தது. கையில் ரிசல்ட் தாளோடு நின்ற இரண்டு மாணவர்கள் பின்வாங்கினார்கள். வாத்தியார் லீவரை ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு, அவர் கண் சரிவில் இருக்கும்போதே, இடது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாமாகப் போய் லாக்நட்டைப் பிடித்துத் திருப்பப் பார்த்தன.

அது திரும்பவில்லை.

இன்னொரு தடவை திருப்பினார். கம்பி விரலில் குத்தியது.

"இது ஏன் திரும்ப மாட்டேங்குது?"

நோட்டு, இந்த ஊரில் கை உள்ளவர்கள் எல்லோருமே இப்படித்தானா என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "சார், தயவுசெஞ்சு கையை எடுங்க. அதுதான் பழுது."

அவர் கையைப் பார்த்தார். லாக்நட்டைப் பார்த்தார். முடிச்சின் மேல் இருந்த சிவப்புச் சொட்டைப் பார்த்தார். மெல்லக் கையை எடுத்து, நாலு விரலையும் லீவரில் வைத்தார். வண்டி கிளம்பியது. மூன்றாவது கியரில், புகைக்கு நடுவே, சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகச் சரிவின் உச்சிவரை போயிற்று.

திரும்பி வந்து இறங்கியதும் முதலில் விரலைச் சப்பிக்கொண்டார். பிறகு தாளை எடுத்து, பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து, பேனாவைத் திறந்தார். 'மூன்று' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே 'நான்கு' என்று எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"கம்பி நுனியை உள்ள மடக்கி விடு," என்றார் தாளை நீட்டிக்கொண்டே. "அடுத்த வண்டி யாருது?"